இணையப் பள்ளிக்குப் போகும் அரசுப் பணம்: கணக்கைப் படிக்கப் புதிதாக வருபவருக்கு

அமெரிக்காவில் "வீட்டிலிருந்தே படிக்கலாம், கட்டணம் கிடையாது" என்று ஒரு பள்ளி விளம்பரம் செய்தால், அது பெரும்பாலும் சார்ட்டர் பள்ளியாக இருக்கும். அரசுப் பணத்தில் நடப்பது, ஆனால் அரசு நேரடியாக நடத்தாதது. பிள்ளையின் தலைக்கு இவ்வளவு என்று மாநிலம் பணம் கொடுக்கும். உடம்பு முடியாத பிள்ளைகள், வகுப்பில் சக மாணவர்களின் சீண்டலால் நொந்துபோன பிள்ளைகள், விளையாட்டுக்கோ நாட்டியத்துக்கோ பகல் நேரம் தேவைப்படும் பிள்ளைகள் இப்படிப் பலருக்கு இந்தப் பள்ளிகள் உண்மையிலேயே உதவியிருக்கின்றன. அங்கே குடியேறிய தமிழ்ப் பெற்றோர் சிலரும் இதைப் பற்றி விசாரிப்பதுண்டு. பாடத்திட்டம் எப்படி, ஆசிரியர் எப்படி என்று கேட்பார்கள். பள்ளியின் கணக்கு எப்படி என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஓஹையோ மாநிலத்தில் 2000-இல் தொடங்கிய எலெக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோ என்ற பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஈகாட் என்பார்கள். நாட்டின் மிகப் பெரிய இணையப் பள்ளிகளில் ஒன்றாக வளர்ந்தது. 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், அதை மூடினார்கள். ஏறத்தாழ 12,000 பிள்ளைகள் பாதி ஆண்டில் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று. கணக்கில் இருந்த கோளாறு அதற்கு முன்பே தெரிய வந்துவிட்டது. பள்ளி மூடப்படும் என்று பெற்றோர் பலருக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

நீங்கள் ஆடிட்டராக இருக்கத் தேவையில்லை. பெற்றோராகவோ, உள்ளூர்ச் செய்தியாளராகவோ, அந்தப் பள்ளியின் போர்டில் புதிதாகச் சேர்ந்தவராகவோ இருந்தால் போதும். வேண்டிய காகிதங்களில் பெரும்பாலானவை பொதுவில் கிடைக்கின்றன.

யார் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள்

கணக்கைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு பெயர்களை எழுதுங்கள். முதலாவது, பள்ளி, அதற்கென்று ஒரு போர்டு இருக்கும், பெரும்பாலும் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவாகியிருக்கும். இரண்டாவது, பள்ளியை அன்றாடம் நடத்தித் தரும் நிர்வாக நிறுவனம். இது லாபத்துக்காக இயங்கும் தனியார் கம்பெனியாக இருக்கலாம். மூன்றாவது, பள்ளிக்கு அனுமதி தந்து மேற்பார்வை செய்யும் ஆத்தரைசர். கலிஃபோர்னியாவில் இது பெரும்பாலும் ஒரு பள்ளி மாவட்டம், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு. ஓஹையோவில் இதே வேலையைச் செய்பவரை ஸ்பான்சர் என்பார்கள். நான்காவது, மாநிலக் கல்வித் துறையும் மாநில ஆடிட்டரும்.

இந்த நால்வரில் புதியவர்கள் கவனிக்கத் தவறுவது ஆத்தரைசரை. மேற்பார்வை செய்வதற்காக அவருக்குப் பள்ளியின் வருமானத்திலிருந்தே ஒரு பங்கு போகிறது. கலிஃபோர்னியாவில் 1 விழுக்காடு வரை; வாடகை வாங்காமல் இடமும் கொடுத்தால் 3 விழுக்காடு வரை. ஓஹையோவிலும் உச்ச வரம்பு 3 விழுக்காடு. பள்ளியில் பிள்ளைகள் கூடக் கூட மேற்பார்வையாளரின் வருமானமும் கூடும். இதனால் எல்லா ஆத்தரைசரும் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கேள்வி கேட்க வேண்டியவரின் பட்ஜெட்டே அந்தப் பள்ளியை நம்பி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கலிஃபோர்னியாவின் சான் டியேகோ கவுன்டியில் உள்ள தெஹேசா என்ற சின்னப் பள்ளி மாவட்டத்தில் சொந்தமாக இருந்த பிள்ளைகள் ஏறத்தாழ 150 பேர். அதே பள்ளி மாவட்டம் பல்லாயிரம் பிள்ளைகள் பெயர் கொண்ட சார்ட்டர் பள்ளிகளுக்கு ஆத்தரைசராக இருந்தது. இணைய சார்ட்டர் பள்ளிகள் பலவற்றை நடத்திய ஏ3 எஜுகேஷன் என்ற நிறுவனத்தின் வழக்கு பின்னால் வரும்; அதில் அந்தப் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளரும் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர்.

எங்கே என்ன கிடைக்கும்

தேட வேண்டியவை மூன்று, நான்குதான். முதலில் பள்ளியின் ஆண்டு ஆடிட் அறிக்கை. பள்ளியின் தளத்தில் இல்லையென்றால் ஆத்தரைசரிடமோ மாநில ஆடிட்டர் தளத்திலோ இருக்கும். கலிஃபோர்னியாவில் முந்தைய நிதியாண்டின் ஆடிட்டை டிசம்பர் 15-க்குள் கொடுத்தாக வேண்டும். ஜனவரியில் கேட்டால் "இன்னும் வரவில்லை" என்ற பதில் வரக் கூடாது. அடுத்து, லாப நோக்கற்ற அமைப்புகள் வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் 990 படிவம். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் இலவசமாக வரும். சில சார்ட்டர் பள்ளிகள் அரசு அமைப்பாகக் கருதப்படுவதால் 990 கொடுப்பதில்லை. காணோமே என்று உடனே சந்தேகப்பட வேண்டாம். பள்ளி கூட்டாட்சி அரசின் பணத்தையும் பெருமளவு செலவிட்டிருந்தால் சிங்கிள் ஆடிட் என்று இன்னொன்று உண்டு. அதற்கான வரம்பு முன்பு ஆண்டுக்கு 7.5 லட்சம் டாலர். 2024 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு தொடங்கும் நிதியாண்டுகளுக்கு 10 லட்சம் டாலர். நிர்வாக நிறுவனம் பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியாக இருந்தால் (பழைய கே12 நிறுவனம், இப்போது ஸ்ட்ரைடு என்ற பெயரில் இருப்பது, அப்படிப்பட்டது) அதன் ஆண்டறிக்கையும் பொதுவில் இருக்கும்.

ஒரே ஆண்டின் அறிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மூன்று ஆண்டுகளை இறக்கிப் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டால்தான் எது எப்போது மாறியது என்று தெரியும்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள்

கட்டடம் உள்ள பள்ளியில் யாராவது உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிவிடலாம். இணையப் பள்ளியில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதைப் பள்ளிதான் சொல்ல வேண்டும். பணம் வருவதோ அந்த எண்ணிக்கைப்படி. பதிவேட்டில் பெயர் இருந்து பிள்ளை இல்லாத கதை நமக்கும் புதிதல்ல. இங்கே அது ஆயிரக்கணக்கில் நடக்க முடியும் என்பதுதான் வித்தியாசம். எனவே கட்டடம், சம்பளம், கடன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முதலில் எண்ணிக்கையைப் பிடியுங்கள்.

ஈகாட் விஷயத்தில் நடந்தது இது. 2015-16 கல்வியாண்டுக்கு 15,000-க்கும் மேற்பட்ட முழுநேர மாணவர்களுக்குப் பணம் வாங்கியிருந்தது. மாநிலக் கல்வித் துறை லாகின் விவரங்களையும், பிள்ளைகள் படித்த நேரத்துக்கான ஆதாரங்களையும் கேட்டது. ஆதாரம் இருந்தது ஏறத்தாழ 6,300 பேருக்குத்தான். முழுநேர மாணவர் என்றால் ஆண்டுக்கு 920 மணி நேரம், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 5 மணி நேரம். முதற்கட்ட ஆய்வில் பலரது லாகின் நேரம் நாளுக்கு ஒரு மணி நேரம் அளவில்தான் இருந்தது. அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் 6 கோடி டாலரைத் திருப்பித் தரச் சொன்னார்கள்; அடுத்த ஆண்டுக்கானதையும் சேர்த்தால் 8 கோடியை ஒட்டி வந்தது. பள்ளியின் வாதம் என்ன தெரியுமா? பாடத்தை நாங்கள் வழங்கினோம், பிள்ளை படித்ததா இல்லையா என்பதை வைத்துப் பணத்தைக் கணக்கிட சட்டத்தில் இடமில்லை என்பதுதான். 2018 ஆகஸ்டில் ஓஹையோ உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. அதற்குள் பள்ளி மூடிக் கிடந்தது.

இண்டியானாவில் இண்டியானா விர்ச்சுவல் ஸ்கூல், இண்டியானா விர்ச்சுவல் பாத்வேஸ் அகாடமி என்று இரண்டு. டேல்வில் என்ற கிராமப்புறப் பள்ளி மாவட்டம் ஆத்தரைசர். 14,000 பேருக்கு மேல் கூடுதலாகக் காட்டி 6.8 கோடி டாலருக்கு மேல் வாங்கியதாக மாநிலக் கணக்கு வாரியம் 2020-இல் அறிக்கை கொடுத்தது. ஏ3 வழக்கில் முறை வேறு. கோடை விளையாட்டுக் குழுக்களுக்குப் பணம் கொடுத்துப் பிள்ளைகளின் விவரங்களை வாங்கி, அவர்களை மாணவர்களாகப் பதிந்தார்கள். தன் பிள்ளை ஒரு சார்ட்டர் பள்ளி மாணவர் என்பதே தெரியாத பெற்றோர் இருந்தார்கள். 19 பள்ளிகள், ஏறத்தாழ 40 கோடி டாலர் மாநிலப் பணம். 2019 மே மாதம் 11 பேர் மீது குற்றச்சாட்டு பதிவானது. தலைமை தாங்கிய இருவரும் 2021-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்வது? லாகின் பதிவு உங்கள் கைக்கு வராது. பிள்ளைகளின் தனி விவரம் வரவும் கூடாது. ஆனால் மூன்று எண்களைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு: இலையுதிர்காலத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், ஆண்டு முடிவில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேருக்குப் பணம் வந்தது. நடுவில் விலகியவர்கள் நிறைய இருந்தும் பணம் வந்த எண்ணிக்கை கொஞ்சமும் குறையவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் எண்ணிக்கை திடீரென்று ஏறி பிறகு இறங்கினாலும் அப்படியே. அடுத்து விதியைப் படியுங்கள்: எத்தனை நாள் பிள்ளை தலைகாட்டாவிட்டால் பெயரை நீக்க வேண்டும்? ஓஹையோவில் இப்போது தொடர்ந்து 72 மணி நேரப் பாடத்தைத் தவறவிட்டால் நீக்க வேண்டும். முன்பு அது 105 மணி நேரமாக இருந்தது. கடந்த ஆண்டு அந்த விதிப்படி எத்தனை பேரை நீக்கினீர்கள் என்று பள்ளியிடம் கேளுங்கள். பல ஆயிரம் பேர் படிக்கும் இணையப் பள்ளியில் "ஒருவரும் இல்லை" என்ற பதில் வந்தால், யாரும் பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஆடிட் அறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள்

அறிக்கையின் முதல் பக்கங்களில் ஆடிட்டரின் கருத்து இருக்கும். "கணக்குகள் சரியாகக் காட்டப்பட்டுள்ளன" என்ற மாதிரி ஒரு வரி. இதைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் மூடிவைக்கிறார்கள். அந்த வரி சொல்வது எண்கள் முறைப்படி எழுதப்பட்டுள்ளன என்பதை மட்டும். செலவு நியாயமானதா என்று அது சொல்லாது.

குறிப்புகளுக்குப் போங்கள். அதில் தொடர்புடைய தரப்பினருடன் நடந்த பரிவர்த்தனை என்ற தலைப்பு இருக்கும், பெரும்பாலும் அரைப் பக்கம். என்னைக் கேட்டால் முழு அறிக்கையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய அரைப் பக்கம் அதுதான். பள்ளியின் நிறுவனர், போர்டு உறுப்பினர், அவர்களது குடும்பம் ஆகியோருக்குச் சொந்தமான கம்பெனிக்குப் பள்ளி எவ்வளவு கொடுத்தது என்று அங்கே எழுதியாக வேண்டும். உதாரணமாக இப்படி ஒரு வாக்கியம் வரும்: "பள்ளி தன் மொத்த வருவாயில் 10 விழுக்காட்டை நிர்வாகக் கட்டணமாக நிறுவனத்துக்குச் செலுத்துகிறது, நிறுவனத்தின் உரிமையாளர்கள் பள்ளியின் நிறுவனர்கள்." இதைப் பார்த்ததும் மூன்று கேள்விகளை ஓரத்தில் எழுதுங்கள். அந்த 10 விழுக்காட்டுக்கு ஈடாக என்னென்ன வேலை நடக்கிறது? வேறு யாரிடமாவது விலை கேட்டார்களா? பிள்ளைகள் இரண்டு மடங்கானால் கட்டணமும் இரண்டு மடங்காகுமே, வேலையும் அப்படிக் கூடுகிறதா?

ஒக்லஹோமாவின் எபிக் சார்ட்டர் பள்ளியில் இதே 10 விழுக்காடுதான். நிறுவனர்கள் இருவருக்கும் எபிக் யூத் சர்வீசஸ் என்ற கம்பெனி இருந்தது. மாநில ஆடிட்டர் சிண்டி பைர்ட் 2020 அக்டோபரில் கொடுத்த அறிக்கைப்படி, பள்ளிகளுக்கு ஆறு ஆண்டுகளில் வந்த 45.8 கோடி டாலரில் 12.52 கோடி அந்தக் கம்பெனி வழியாகப் போனது. நாலில் ஒரு பங்குக்கு மேல். நிர்வாகக் கட்டணம் மட்டும் இதில் இல்லை; பிள்ளைகளின் புத்தகம், கணினி, வகுப்புகளுக்கான லேர்னிங் ஃபண்ட் என்ற பெரிய தொகையும் அதன் கணக்குக்கே போனது. அந்தத் தொகை எப்படிச் செலவானது என்று கேட்டபோது, தனியார் கம்பெனியின் கணக்குக்கு வந்துவிட்டதால் அது பொதுப் பணம் இல்லை என்று பதில் வந்தது. பள்ளிக்கும் கம்பெனிக்கும் நிதி அதிகாரி ஒரே நபர். பள்ளி சார்பில் பில்லைச் சரிபார்ப்பவரும், கம்பெனி சார்பில் பில் போடுபவரும் ஒருவரே என்றால் சரிபார்ப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை. 2022 ஜூனில் நிறுவனர்கள் கைதானார்கள்.

ஈகாட்டிலும் நிறுவனர் வில்லியம் லேகரின் இரண்டு கம்பெனிகள்தான் நிர்வாகத்தையும் பாட மென்பொருளையும் பார்த்துக்கொண்டன. ஆகவே புதிய பள்ளி எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, நிர்வாக நிறுவனத்தின் உரிமையாளர் யார், நிதி அதிகாரிக்குச் சம்பளம் தருவது யார் என்ற இரண்டையும்தான். 990 படிவம் இருந்தால் வேலை சுலபம்: அதிகம் பணம் பெற்ற ஐந்து ஒப்பந்தக்காரர்களின் பட்டியல் அதில் இருக்கும்; எல் அட்டவணையில் வேண்டியவர்களுடன் நடந்த கொடுக்கல் வாங்கல் இருக்கும்.

நிர்வாக ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்குங்கள். அதில் பார்க்க வேண்டியது விலகும் வழி. பள்ளி அந்தக் கம்பெனியை மாற்ற நினைத்தால் பாடங்கள் யாருக்குச் சொந்தம், மாணவர் விவரம் யாரிடம் இருக்கும், கம்பெனிக்குப் பாக்கி எவ்வளவு? 2016-இல் கே12 நிறுவனம் கலிஃபோர்னியா அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டில், 85 லட்சம் டாலர் கட்டியதோடு, அது நடத்திய பள்ளிகள் தரவேண்டியிருந்த ஏறத்தாழ 16 கோடி டாலர் பாக்கியையும் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. (தவறு எதையும் நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை.) பள்ளி கம்பெனிக்கு அவ்வளவு கடன்பட்டிருந்தால் போர்டு எப்படித் துணிந்து "வேண்டாம்" என்று சொல்லும்?

ஆசிரியருக்குப் போவது எவ்வளவு

இதற்குக் கலிஃபோர்னியாவின் அளவுகோல் உதவும். வகுப்பறை சாராத சார்ட்டர் பள்ளி (இணையப் பள்ளியும் இந்த வகைதான்) முழுப் பணத்தையும் பெற வேண்டுமென்றால், பொது வருவாயில் குறைந்தது 40 விழுக்காடு தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்களின் சம்பளத்துக்கும் படிகளுக்கும் போக வேண்டும். 80 விழுக்காடு கற்பித்தல் சார்ந்த செலவாக இருக்க வேண்டும். பொதுவாக ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகளுக்கு மேல் கூடாது. வேறு மாநிலத்துப் பள்ளியானாலும் இந்த மூன்றையும் போட்டுப் பாருங்கள். 1,000 பிள்ளைகள், தலைக்கு 9,000 டாலர் என்று வைத்தால் வரவு 90 லட்சம். ஆசிரியர் பக்கம் 36 லட்சமாவது தெரிய வேண்டும். 20 லட்சம்தான் தெரிகிறது, "தொழில்முறைச் சேவைகள்" என்ற வரியில் 40 லட்சம் இருக்கிறது என்றால் அந்த வரியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரச் செலவையும் தனியாகக் கேளுங்கள். பல அறிக்கைகளில் அது "இதர செலவு" என்ற வரிக்குள் போய்விடுகிறது.

சேர்த்து வைத்த பணம்

சில பள்ளிகளில் சிக்கல் நேர்மாறானது: பணம் செலவாகாமல் குவிகிறது. பென்சில்வேனியாவில் ஒவ்வொரு பிள்ளையின் உள்ளூர்ப் பள்ளி மாவட்டமும் தன் செலவு விகிதப்படி இணையப் பள்ளிக்குக் கட்டணம் செலுத்துகிறது. அதனால் ஒரே திரையில் ஒரே பாடத்தைப் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு வெவ்வேறு தொகை வரும். மாநில ஆடிட்டர் ஜெனரல் டிமத்தி டிஃபோர் 2025 பிப்ரவரியில் ஐந்து இணைய சார்ட்டர் பள்ளிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கைப்படி, அவற்றின் கையிருப்பு 2020-இல் 25.4 கோடி டாலராக இருந்து 2023-இல் 61.9 கோடியாகியது. அவற்றில் ஒன்று கட்டடங்கள் வாங்கவும் புதுப்பிக்கவும் 19.6 கோடி செலவிட்டிருந்தது. சட்டமீறல் என்று அவர் சொல்லவில்லை. பணம் கொடுக்கும் சூத்திரத்தையே மாற்ற வேண்டும் என்றார். உங்கள் பள்ளியில் கையிருப்பு ஆண்டுச் செலவில் பாதியைத் தாண்டினால், அந்தப் பணம் எதற்கு, எப்போது பிள்ளைகளுக்குச் செலவாகும் என்று கேட்பது நியாயம். அறவே கையிருப்பு இல்லாத பள்ளியும் ஆபத்துதான்; ஒரு தவணை தாமதமானால் சம்பளம் நின்றுவிடும்.

போர்டு கூட்டத்துக்குப் போங்கள்

குறிப்புகளோடு கூட்டத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலும் இணையத்திலேயே நடக்கும். கலிஃபோர்னியாவில் 2019-இல் வந்த சட்டம், சார்ட்டர் பள்ளிகளின் போர்டும் பிற அரசு அமைப்புகளைப் போலத் திறந்த கூட்டம், பொது ஆவணம், சுயநல முரண் ஆகிய விதிகளுக்குக் கட்டுப்பட்டது என்று தெளிவாக்கிவிட்டது. நிகழ்ச்சி நிரலில் "கன்சென்ட்" என்ற தலைப்பின்கீழ் பல ஒப்பந்தங்களை ஒன்றாகச் சேர்த்து, விவாதம் இல்லாமல் ஒரே வாக்கில் முடிப்பார்கள். ஓசையில்லாமல் பெரிய தொகைகள் போவது அங்கேதான். கூட்டத்துக்கு முன்பே அந்தப் பட்டியலைப் படித்து, ஒன்றைத் தனியாக எடுத்துப் பேசும்படி கேளுங்கள்.

பொதுமக்கள் பேசக் கிடைப்பது இரண்டு, மூன்று நிமிடம். பத்து கேள்வி கேட்டால் ஒன்றுக்கும் பதில் வராது. பக்க எண்ணோடு ஒரே கேள்வி கேளுங்கள்: "ஆடிட் அறிக்கையின் 24-ஆம் பக்கத்தில் உள்ள நிர்வாகக் கட்டணத்துக்கு வேறு யாரிடமும் விலைப்புள்ளி வாங்கப்பட்டதா?" அதையே அன்றிரவு எழுத்திலும் அனுப்புங்கள். குரலை உயர்த்த வேண்டாம். போர்டில் உள்ள பலர் நல்ல மனதோடு சம்பளமில்லாமல் வந்து உட்கார்ந்திருப்பவர்கள், அந்தப் பக்கத்தை அவர்களே படித்திருக்க மாட்டார்கள். உங்கள் கேள்வியால் ஒருவர் படித்தாலும் லாபம்தான்.

பதில் வராவிட்டால் பொது ஆவணக் கோரிக்கை. கலிஃபோர்னியாவில் 10 நாட்களுக்குள் ஆவணம் தரலாமா வேண்டாமா என்றாவது சொல்லியாக வேண்டும். "எல்லாக் கணக்கும் வேண்டும்" என்று கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். "நடப்பு நிர்வாக ஒப்பந்தம், அதன் திருத்தங்கள், கடந்த 12 மாதங்களில் அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த தொகைகளின் பட்டியல்" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

புகார் என்றால் யாரிடம்

முதலில் ஆத்தரைசரிடம் எழுத்தில். அவர் அசையவில்லை என்றால் மாநில ஆடிட்டர். ஓஹையோ போன்ற மாநிலங்களில் மோசடிப் புகாருக்கென்றே தொலைபேசி எண் உண்டு. கலிஃபோர்னியாவில் கவுன்டி கல்விக் கண்காணிப்பாளர், மோசடி நடந்திருக்கலாம் என்று கருதினால் பள்ளிகளின் நிதிச் சிக்கல்களை ஆராயும் எஃப்சிமாட் என்ற அமைப்பைக் கொண்டு சிறப்பு ஆடிட் செய்ய வைக்க முடியும். கூட்டாட்சிப் பணம் சம்பந்தப்பட்டது என்றால் கல்வித் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம். உங்கள் முடிவுகளை எழுதாதீர்கள். "இவர் திருடுகிறார்" என்று எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பலாம். எந்த ஆவணம், எந்தப் பக்கம், எந்த எண் எந்த எண்ணோடு பொருந்தவில்லை என்பது போதும். விசாரிக்கும் அதிகாரிக்கு வேண்டியதும் அதுதான்.

இறக்கிய ஒவ்வொரு கோப்பையும் தேதி போட்டு உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியை மூடினால் அதன் தளமும் சேர்ந்து போய்விடும்; அதன் பிறகு பெற்றோருக்குத் தேவைப்படுவது அந்தப் பழைய ஆடிட் அறிக்கைகள் மட்டுமல்ல, பிள்ளையின் மதிப்பெண் சான்றும்தான். ஒவ்வொரு பருவம் முடிந்ததும் அதையும் வாங்கி வைத்துவிடுங்கள்.